ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

மூச்சு முட்டுகிற பச்சைக் குழந்தை முனகும். ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் அதன் முடிவில் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். வயிறு வலித்து முக்குகிறது என்று எண்ணி ஓம வாட்டர் புகட்டிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. மருத்துவர்களும் வெகுகாலம் அதை நோயின் ஓர் அறிகுறி என்ற அளவிலேயே கேஸ் ஷீட்டில் குறித்துவந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதைக் கேப் டவுன் மருத்துவர்கள் சிலர் 1968இல் காட்டினார்கள்.

அவர்கள் கவனித்தது, குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறிய சிசுக்களை. மூச்சுக்குழலுக்குள் குழாய் இறங்கியிருக்கும்போது குரல்வளையின் மடிப்புகள் ஒன்றுசேர முடியாது, முனகல் நின்றுபோகும். முனகல் நின்றதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. குழாயை எடுத்ததும் குழந்தை மறுபடி முனகியது, ஆக்சிஜன் ஏறியது. உதவிக்கென்று போட்ட குழாய், குழந்தை தனக்குத் தானே செய்துகொண்டிருந்த சிகிச்சையைத் தடுத்துவிட்டது.

என்ன சிகிச்சை அது? நுரையீரலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான காற்றறைகளின் உட்சுவரில் மெல்லிய ஈரப்படலம் உண்டு. நீரின் பரப்பு இழுவிசை அந்த அறைகளை உள்நோக்கிச் சுருக்கப் பார்க்கும். புது பலூனை ஊதியவர்களுக்குத் தெரியும்: முதல் ஊதல்தான் கன்னத்தை வலிக்கச் செய்யும், கொஞ்சம் விரிந்துவிட்டால் அப்புறம் எளிது. காற்றறையும் அப்படித்தான். முழுக்கச் சுருங்கிவிட்டால் அடுத்த மூச்சில் அதைத் திறக்கக் குழந்தை படாத பாடு பட வேண்டும். அப்படிச் சுருங்காமல் தடுக்கும் ஒரு கொழுப்புப் பொருளை நுரையீரல் சுரக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவுக்கு ஊறும். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் போதவில்லை என்பதை 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் அதே நோயால் இறந்தான். உலகின் சக்தி மிக்க நாட்டின் அதிபர் வீட்டுக்கே அன்று கொடுக்க முடியாத ஒன்று, இன்று மாவட்ட மருத்துவமனைகளில் கிடைக்கிறது. மருத்துவ வரலாற்றில் எனக்கு அலுக்காத ஒரு பக்கம் இது.

முனகும்போது குழந்தை மூச்சு வெளியேறும் வழியைப் பாதி அடைத்துக்கொள்கிறது. உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்குகிறது. அந்த அழுத்தம் காற்றறைகள் முழுக்கச் சுருங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. குழந்தை களைக்கும்வரை இது நடக்கும். களைத்த பிறகு அந்த அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று யோசித்தவர் சான் பிரான்சிஸ்கோவின் மயக்கவியல் மருத்துவர் ஜார்ஜ் கிரிகரி. 1971இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட கட்டுரையில் 20 குழந்தைகள். அவர்களில் 16 பேர் பிழைத்தார்கள். தொடர் நேர்மறைக் காற்றழுத்தம் என்று பாடப்புத்தகம் சொல்லும். வார்டில் எல்லோரும் சீபேப் என்பார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென்-டியன் வுங் இதை இன்னும் எளிமையாக்கினார். மூக்கில் இரண்டு சின்னக் குழல்கள். குழந்தை விடும் மூச்சு ஒரு குழாய் வழியே போய்த் தண்ணீருக்குள் குமிழியாக வெளியேறும். அவ்வளவுதான்.

இதன் இயற்பியல் எட்டாம் வகுப்புப் பாடம். குழாயின் முனை தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், அந்த 5 செ.மீ. தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற வேண்டும். ஆகவே குழந்தையின் நுரையீரலில் எப்போதும் 5 செ.மீ. நீரழுத்தம் நிலைத்திருக்கும். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,033 செ.மீ. நீருக்குச் சமம், அதில் அரை சதவீதத்துக்கும் குறைவான கூடுதல் இது. இந்தச் சொற்ப அழுத்தம் போதும். அதிகம் வேண்டுமென்றால் குழாயை இன்னும் ஆழமாக இறக்கலாம், குறைக்க மேலே தூக்கலாம். குமிழி வருகிறதா என்று பார்த்தாலே கருவி வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். குமிழி நின்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது மூக்குக் குழல் நழுவிவிட்டது.

1996இல் வங்கதேசத்தின் சில்ஹெட்டில் பயிற்சி மருத்துவராக இருந்தவர் முகம்மது ஜோபாயர் சிஸ்டி. குழந்தைகள் வார்டில் அவருடைய முதல் இரவுப் பணியில் மூன்று குழந்தைகள் நிமோனியாவில் இறந்தன. பின்னர் மெல்பர்ன் மருத்துவமனை ஒன்றில் குமிழி சீபேப் கருவியைப் பார்த்தார். டாக்கா திரும்பி, வயிற்றுப்போக்கு ஆராய்ச்சிக்குப் பேர்போன பன்னாட்டு மையத்தின் மருத்துவமனையில் வேலை செய்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரோ தூக்கிப்போட்ட காலி ஷாம்பு பாட்டிலை எடுத்து அதே கருவியைச் செய்துபார்த்தார். பாட்டில், தண்ணீர், ஆக்சிஜன் வரும் குழாய், மூக்குக் குழல். செலவு சில டாலர்கள்கூட இல்லை. வென்டிலேட்டர் ஒன்றின் விலையோடு ஒப்பிடவே கூச்சமாக இருக்கும்.

கண்டுபிடித்தவர் அதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல பத்திரிகைச் செய்தியாக மட்டும் இருந்திருக்கும். சிஸ்டி சோதனை நடத்தினார். 2011 முதல் 2013 வரை, கடும் நிமோனியாவும் ஆக்சிஜன் குறைபாடும் கொண்ட ஐந்து வயதுக்குட்பட்ட 225 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான முறையில் மூக்கு வழியாக மெல்ல ஆக்சிஜன் பெற்ற 67 பேரில் 10 பேர் இறந்தார்கள். பாட்டில் குமிழி பெற்ற 79 பேரில் இறந்தது 3 பேர். வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் விலையுயர்ந்த கருவியில் இருந்த 79 பேரில் 10 பேர். வித்தியாசம் துலக்கமாகத் தெரிந்ததும், கண்காணிப்புக் குழு சோதனையை நடுவிலேயே நிறுத்தச் சொன்னது. 2015இல் லான்செட் இதழில் வெளியானபோது உலகெங்கும் பேசப்பட்டது. 'உயிர் காத்த ஷாம்பு பாட்டில்' என்ற தலைப்பை எந்த ஆசிரியர்தான் விடுவார்?

அடுத்து நடந்ததைத்தான் இந்தப் பாட்டிலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆப்பிரிக்காவின் மலாவியில் சலீமா என்ற மாவட்ட மருத்துவமனை. எரிக் மெக்காலம் தலைமையிலான குழு அங்கே கடும் நிமோனியாவோடு வந்த 644 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. எச்.ஐ.வி. தொற்று அல்லது அதன் சாத்தியம், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்த குழந்தைகள் இவர்கள். சாதாரண ஆக்சிஜன் பெற்ற 323 பேரில் 35 பேர் இறந்தார்கள், 11 சதவீதம். குமிழி சீபேப் பெற்ற 321 பேரில் இறந்தது 53 பேர், 17 சதவீதம். உயிர் காக்கும் என்று நம்பிய கருவியின் பக்கம்தான் அதிக மரணம். இந்தச் சோதனையும் நடுவில் நிறுத்தப்பட்டது. 2019இல் முடிவு வெளியானது.

ஒரே தத்துவம், ஒரே தண்ணீர், ஒரே அழுத்தம். டாக்காவில் காத்தது சலீமாவில் ஏன் காக்கவில்லை?

நோயாளிகள் வேறு என்பது ஒரு பதில்; உண்மையும்கூட. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டாக்காவில் சிகிச்சை நடந்தது தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில். மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். நிலைமை மோசமானால் வென்டிலேட்டருக்கு மாற்ற முடிந்தது. சலீமாவில் தினமும் வந்து பார்க்கும் மருத்துவர் இல்லை. மருத்துவப் பட்டம் பெறாத கிளினிக்கல் ஆபீசர்களும் செவிலியர்களும்தான் சிகிச்சையை நடத்தினார்கள். மலாவியின் பெரும்பாலான மாவட்ட மருத்துவமனைகள் நடப்பதே அப்படித்தான். அந்த நிஜ நிலைமையில் கருவி என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் சோதனையின் நோக்கமும். குமிழிப் பக்கத்தில் நடந்த மரணங்களில் சிலவற்றுக்கு, வாந்தியோ உணவோ மூச்சுக்குழலில் இறங்கியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இன்னும் சிலவற்றில் நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்திருக்கலாம் என்று எழுதினார்கள்.

இந்த இரண்டும் எப்படி நேர்கின்றன என்று அருகில் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். மூக்கு வழியாக அழுத்தத்தோடு வரும் காற்று நுரையீரலுக்கு மட்டும் போகாது. உணவுக்குழல் வழியே வயிற்றுக்கும் போகும். வயிறு உப்பும். வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அவ்வப்போது காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், குழந்தை வாந்தியெடுக்கும். தாய் ஒரு சங்கு பால் புகட்டிவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். மூக்குக் குழலின் அளவு சரியில்லையென்றால் மூக்கின் நடுச்சுவர் புண்ணாகும். பாட்டிலில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் அழுத்தம் குறையும். யாராவது அளவு பாராமல் ஊற்றிவிட்டால் கூடும். குழந்தை திடீரென்று மோசமானால், நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் மூச்சொலி கேட்கவில்லையா என்று ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, சில நிமிடங்களுக்குள் ஊசி போட்டுக் காற்றை எடுக்க வேண்டும். இத்தனையும் ராத்திரி மூன்று மணிக்கும் நடக்க வேண்டும்.

அதே மலாவியில், பிளான்டைர் நகரின் மத்திய மருத்துவமனையில் மூச்சுத் திணறிய பச்சிளம் சிசுக்களுக்குக் குமிழி சீபேப் கொடுத்தபோது பிழைத்தவர்கள் 71 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம். அங்கே குழந்தை மருத்துவர்கள் இருந்தார்கள். கானாவில் இரண்டு சிறு மருத்துவமனைகளில் செவிலியர்களும் மருத்துவ உதவியாளர்களும் நடத்திய பெரிய சோதனையில், ஒட்டுமொத்தமாக மரணம் குறையவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மட்டும் 7 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்திருந்தது. இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: சோதிக்கப்பட்டது கருவி என்று கட்டுரைகள் சொல்கின்றன, உண்மையில் ஒவ்வோர் ஊரிலும் சோதிக்கப்பட்டது, கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார், அவருக்கு எத்தனை குழந்தைகள், அவர் கூப்பிட்டால் யார் வருவார் என்பது. குழந்தை மருத்துவருக்கு உதவ நினைப்பவர்கள் கருவியைத் தருகிறார்கள். அந்த மருத்துவருக்கு வேண்டியதோ, தான் இல்லாத நேரத்தில் பார்க்கத் தெரிந்த இன்னொரு ஜோடிக் கண்கள்.

*

பார்க்கத் தெரிந்த கண்களை உருவாக்க முடியுமா? முடியும் என்பதற்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பங்கு வேலூருக்கும் உண்டு.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதிகம் கொல்லும் தொற்றுநோய் நிமோனியா. ஆண்டுக்கு ஏழு லட்சம் குழந்தைகளுக்கு மேல். எக்ஸ்ரே இல்லாத ஊரில் சாதாரணச் சளியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? ஸ்டெதஸ்கோப் என்பீர்கள். அழுகிற குழந்தையின் நெஞ்சில் அதை வைத்து நுட்பமான ஒலியைக் கேட்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். இரண்டு மருத்துவர்கள் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில், கொரோகா மருத்துவமனையில் வேலை செய்த ஃபிராங்க் ஷான், காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பலாம் என்றார். இருமும் குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேல் மூச்சு விட்டால் நிமோனியா என்று கொள்ளலாம். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். 1984இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் குழந்தையின் உடலமைப்பே காரணம். நிமோனியாவில் காற்றறைகளில் சீழும் நீரும் நிறைந்து நுரையீரல் விறைக்கிறது. பெரியவர்கள் ஆழமாக மூச்சிழுத்துச் சமாளிப்பார்கள். குழந்தையின் விலா எலும்புகள் மென்மையானவை, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருப்பவை. மார்பை அதிகம் விரிக்க முடியாது. ஆகவே ஆழத்துக்குப் பதில் வேகம். அதுவும் போதாதபோது உதரவிதானம் பலமாகக் கீழே இழுக்கும். விறைத்த நுரையீரல் கூடவே விரியாது. மெல்லிய மார்புச் சுவர் உள்ளே குழியும். 'நெஞ்சு குழி விழுது டாக்டர்' என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் குழந்தை மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்வார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் உள்ளிட்ட குழுவினர் ஷானின் எல்லைக்கோடு நம் குழந்தைகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு 50 சரி. அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 40க்கு மேல் போனாலே எச்சரிக்கை என்று 1988இல் லான்செட்டில் எழுதினார்கள். வயது ஏற ஏற மூச்சின் வேகம் குறைவதால் ஒரே கோடு எல்லாருக்கும் பொருந்தாது. இன்று உலகம் முழுவதும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இதுதான்: இரண்டு மாதத்துக்குள் 60, பன்னிரண்டு மாதம் முடியாதவரை 50, ஐந்து வயதுக்குள் 40. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. சிசுவின் மூச்சு சீரானதல்ல, நடுநடுவே நின்று நின்று ஓடும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியினர் இதை இன்னும் கீழே கொண்டுபோனார்கள். அங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள் பலருக்கு ஐம்பது வரை எண்ணத் தெரியாது. ஒரு சட்டத்தில் மணிகளைக் கோத்து, ஒரு நிமிட மணல் கடிகாரத்தைப் பொருத்திக் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா, மருந்து கொடு. நிமோனியாவைக் கண்டறிந்து ஊரிலேயே மருந்து கொடுக்கும் இவர்கள் திட்டத்தின் முடிவு 1990இல் வெளியானது. திட்டம் நடந்த கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட ஆயிரம் குழந்தைகளுக்கு நிமோனியா மரணம் 8.1, நடக்காத கிராமங்களில் 17.5.

எண்ணுவதில் ஒரு குறையும் உண்டு. வேகமாக மூச்சு விடும் குழந்தைகள் எல்லாருக்கும் பாக்டீரியா நிமோனியா இருப்பதில்லை. காய்ச்சலிலும் இளைப்பிலும்கூட மூச்சு ஓடும். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2020இல் வெளியான சோதனையில், வேக மூச்சு மட்டும் இருந்த குழந்தைகளுக்குப் பாதிப் பேருக்கு அமாக்சிசிலினும் மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். சிகிச்சை தோற்றது முறையே 2.6 சதவீதத்திலும் 4.9 சதவீதத்திலும். அமாக்சிசிலின் வென்றது, ஆனால் போலி மருந்து பெற்றவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறிவிட்டார்கள். எண்ணுவது முதல் சல்லடை. அடுத்த சல்லடை வேண்டும்.

அது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது. உதடு நீலம் பாரித்தால் தெரியாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் தெரியாது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ரத்தத்தில் கணிசமாகச் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குப் படும். ரத்தசோகையுள்ள குழந்தையிடம் மொத்த ஹீமோகுளோபினே குறைவு. மூச்சுக்கு அல்லாடும்போதும் அது நீலமாகாமல் வெளிறித்தான் கிடக்கும். நம் ஊர்க் குழந்தைகளில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால் கண்ணை மட்டும் நம்புவதன் ஆபத்து புரியும்.

ஜப்பானிய பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இழந்த ரத்தமும் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் வேறுவேறு விகிதத்தில் உறிஞ்சுகின்றன. விரல் வழியே இரண்டையும் செலுத்தி, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிட்டால் தமனி ரத்தத்தின் நிலை தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் புழங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இதுவே. ஆனால் மருந்துக்கடையில் வாங்கிய அந்த கிளிப், பத்து மாதக் குழந்தையின் விரலில் நிற்காது. கால் பெருவிரலிலோ பாதத்திலோ சுற்றிக் கட்டும் தனி சென்சார் வேண்டும். கால் சில்லிட்டிருந்தாலும், குழந்தை உதைத்துக்கொண்டிருந்தாலும் எண் பொய் சொல்லும். அலைக்கோடு சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை நம்ப வேண்டும்.

90 சதவீதத்துக்குக் கீழே போன குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுத்தே ஆக வேண்டும். பப்புவா நியூ கினியில் ட்ரெவர் டியூக் (பின்னாளில் சிஸ்டியின் டாக்கா சோதனையிலும் பங்கெடுத்த மெல்பர்ன் மருத்துவர்) உள்ளூர் மருத்துவர்களோடு சேர்ந்து ஐந்து மருத்துவமனைகளில் ஒரு முழு ஏற்பாட்டைச் செய்தார். ஆக்சிமீட்டர், சிலிண்டருக்குப் பதில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், இரண்டையும் பயன்படுத்தச் செவிலியர்களுக்குப் பயிற்சி, பழுது பார்க்கத் தொழில்நுட்பப் பணியாளர்கள். கான்சன்ட்ரேட்டர் என்பது காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியே அழுத்தி, நைட்ரஜனை அதில் பிடித்துவைத்துவிட்டு ஆக்சிஜனை வெளியே விடும் பெட்டி. லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் தூசி வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஈரம் புகுந்தால் ஜியோலைட் கெடும். வெளியே வருவது உண்மையிலேயே ஆக்சிஜன்தானா, எத்தனை சதவீதம் என்று அளந்துபார்க்க வேண்டும். உறுமும் சத்தம் மட்டும் கேட்டு, வெறும் காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கும் பெட்டிகள் பல நாட்டு வார்டுகளில் உண்டு. அந்த ஐந்து மருத்துவமனைகளிலும் இந்த ஏற்பாட்டுக்கு முன் நிமோனியாவோடு சேர்ந்த குழந்தைகளில் 4.97 சதவீதம் பேர் இறந்தார்கள், பின் 3.22 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை.

*

இதெல்லாம் நம் பக்கத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்க்க மேற்கு வங்கத்தின் புருலியாவுக்குப் போகலாம். வறண்ட, ஏழை மாவட்டம். 2003இல் அங்கே மாவட்ட மருத்துவமனையில் அருண் சிங் என்ற குழந்தை மருத்துவர் சிசுக்களுக்கான தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். வார்மர், மானிட்டர் எல்லாம் வந்தன. செவிலியர் போதவில்லை. சுற்றுவட்டாரத்தில் பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, சிசு உதவியாளர்களாக வைத்துக்கொண்டார்கள். கை கழுவுவது, சிசுவின் சூடு பார்ப்பது, மூச்சு எண்ணுவது, குழாய் வழியாகப் பால் கொடுப்பது, ஏதாவது மாறினால் உடனே கூப்பிடுவது. இரண்டு ஆண்டுகளில் பச்சிளம் சிசு மரணம் குறைந்தது என்று பிறகு வந்த ஆய்வு கணக்கிட்டது. இன்று நாடெங்கும் மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கும் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்மாதிரி அதுதான். கட்டடமும் வார்மரும் நாடெங்கும் பரவின. அந்த உதவியாளர் பெண்கள் அதே வேகத்தில் பரவவில்லை. குறைந்த படிப்புள்ளவர்களை சிசுக்கள் பக்கம் விடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. செவிலியருக்கு மாற்றாக அவர்களை வைத்தால் தவறு, செவிலியருக்குத் துணையாக வைத்தால் தவறென்ன என்பது என் கட்சி.

தமிழ்நாட்டு நிலைமை புருலியாவை விட எவ்வளவோ மேல். சீமாங் மையங்களில் இரவும் பகலும் பிரசவமும் சிசு சிகிச்சையும் நடக்கின்றன. 1994இல் அமைந்த மருத்துவ சேவைக் கழகத்தின் வழியாக மருந்துகள் தட்டில்லாமல் வருகின்றன. நிமோனியாவின் முக்கியக் காரணமான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் அரசுத் திட்டத்திலேயே இலவசம். ஆனால் எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் ஒரு குழந்தை மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். பகலில் ஓ.பி.யில் நூறு குழந்தைகள், நடுவில் தியேட்டரிலிருந்து சிசேரியன் குழந்தைக்கு அழைப்பு, ராத்திரி கால் டியூட்டி. குமிழி சீபேப்பில் ஒரு குழந்தையைப் போட அவருக்குத் தெரியும். போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அன்றைய இரவு டியூட்டி சிஸ்டர் யார் என்பதைப் பொறுத்து அதற்குப் பதில் மாறும். நம்பிக்கையில்லாத இரவில் அவர் 108ஐ அழைத்து மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவிடுவார். அதை யாரும் குறை சொல்ல முடியாது. சலீமாவின் முடிவு அவர் பக்கம் பேசுகிறது.

எத்தியோப்பியாவில் சிஸ்டியின் குழுவும் உள்ளூர் மருத்துவர்களும் இந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டே இறங்கினார்கள். முதலில் சில மருத்துவமனைகளில் முறையை நடத்திப் பார்த்து, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, யார் எப்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்திய பிறகே பொது மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். 2024இல் வெளியான அந்தச் சோதனையில், குமிழி பெற்ற பக்கம் சிகிச்சைத் தோல்வியும் மரணமும் குறைந்திருந்தன.

நம் ஊரில் பாட்டிலும் குழலும் கேட்டு இண்டென்ட் போட்டால் சில வாரங்களில் வந்துவிடும். இரவுக்கு ஒரு கூடுதல் செவிலியர் பணியிடம் கேட்கும் கோப்பு சென்னைக்குப் போய், நிதித்துறை ஒப்புதலுக்குக் காத்திருக்கும். கருவிக்கு ஒரு கோப்பு, ஆளுக்கு ஒரு கோப்பு. சீபேப் வாங்கும் உத்தரவிலேயே எத்தனை கருவிக்கு எத்தனை செவிலியர், அவர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி, இரைப்பைக் குழாயும் குழந்தை சென்சாரும் எத்தனை, பழுதானால் யார் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கத் தகுதியானவர்கள் அந்த வார்டில் இரவு டியூட்டி பார்க்கும் சிஸ்டர்கள். கொள்முதல் கமிட்டியில் அவர்களுக்கு நாற்காலி போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.